சொல்லடைவும் ஒழுங்குக் கோவையும்

1962ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தில் கேரளப் பல்கலைக்கழகம் புறநானூற்றுச் சொல்லடைவினை வெளியிட்டது. ஆக்கியவர் வ. அய். சுப்பிரமணியம். கணிப்பொறியின் துணையின்றி உருவான அவ்வடைவின் பணியை இன்று ஒழுங்குக் கோவைகளிடம் ஒப்படைக்கும் போக்கு உளது. அக்கோவைகள் தரும் எண்ணிக்கையினைக் கொண்டு சொல்வரலாறு எழுதலாமா என்பதே ஈண்டு ஆராய்தற்குரியது.

எழுத்துகளின் தொடர்ச்சி, மாற்று, மீள்வரவு ஆகிய மூன்றனால் அமையும் வடிவமே ஒழுங்குக் கோவை. 1956இல் கிளீனி வெளியிட்ட கணிதக் கட்டுரையில் வேர்கொண்ட இதனை 1968இல் கென் தாம்சன் உரைத்தேடலுக்குப் பயன்படுத்தினார். 'கல்' எனத் தேடின் 'கல்வி'யும் அகப்படும்; 'கற்றூண்', 'கன்மழை' ஆகியன அகப்படா. திரிபுகளையும் மாற்றாகச் சேர்ப்பின் 'கற்பு', 'கன்னி' முதலியன வந்து குவியும். இது கோட்பாட்டின் குறை அன்று. ஒலியன் விதிகள் பெரும்பாலும் ஒழுங்குமொழி எல்லைக்குள் அடங்குவன என்பதை 1972இல் ஜான்சன் நிறுவினார். அகராதியையும் விதிகளையும் இணைத்த கோஸ்கென்னியெமியின் ஈரடுக்கு உருபனியல் 1983இல் வெளிவந்தது. ஆகவே புணர்ச்சியைக் கடக்க வழி உண்டு.

தொடரியலில் நிலைமை வேறு. 'தந்தை, தாய், மகன் வந்தான் என்று கூறினாள் என்று எண்ணினார்' என்பதில் எழுவாய்கள் தம் பயனிலைகளைத் தலைகீழ் வரிசையில் பெறுகின்றன. எல்லையின்றி வளரத்தக்க இத்தகைய உட்பொதிவை ஒழுங்குக் கோவையால் அளக்கவியலாது என்பது 1956இல் சாம்ஸ்கி காட்டிய உண்மை. தமிழில் எழுவாய் தோன்றாதும் வருமாதலின் சிக்கல் மிகுகின்றது. ஆழத்தை இரண்டு மூன்றோடு நிறுத்திக்கொள்ளுதல் அல்லது அடுக்கு நினைவகம் உடைய பகுப்பானை நாடுதல் நடைமுறைத் தீர்வாகும்.

இவ்விரண்டற்கும் அப்பாற்பட்டது பொருள்மயக்கம். உரையாசிரியர் காட்டும் 'குன்றேறாமா' என்னும் தொடர் 'குன்று ஏறா மா' எனவும் 'குன்று ஏறு ஆமா' எனவும் பிரியும். ஏறாத விலங்கும் ஏறுகின்ற காட்டுப்பசுவும் ஒரே எழுத்து வரிசையில் நிற்கின்றன. இத்தகையன எழுத்தால் தெளியப்படா, குறிப்பாலும் இசையாலும் தெளியப்படும் என்பது தொல்காப்பியப் புணரியலின் கருத்து. நல்ல பகுப்பான் இரு பிரிப்பினையும் தரும். ஒன்றைத் தேர்தல் அதன் வேலை அன்று. அடைவு தொகுப்போர் 'மா'வின்கீழ்ப் பதிவதா 'ஆமா'வின்கீழ்ப் பதிவதா எனப் பாட்டைப் படித்தே முடிவு செய்கின்றனர். எந்திரம் தரும் எண்ணிக்கையுடன் எப்பிரிப்பு கொள்ளப்பட்டது என்னும் குறிப்பும் இருப்பின் அவ்வெண்ணைப் பிறர் சரிபார்க்க இயலும்.