காடு மூடிய ஊர்கள்

வன்னிக் காடு என்றதும் மனிதர் கால் படாத பெருவனம் என்று எண்ணுவோர் உளர். பாலையும் முதிரையும் வீரையும் செறிந்த அக்காட்டினுள் நடந்து பார்த்தால் வேறோர் உண்மை புலனாகும். பற்றைகளுக்கிடையே நீண்டு கிடக்கும் மண்மேடு பழைய குளக்கட்டு. அதன் கீழுள்ள சமநிலம் ஒருகாலத்து வயல்.

ஊர்ப்பெயர்களே இதற்குச் சான்று. கனகராயன்குளம், புளியங்குளம், மாங்குளம் எனக் குளத்தாற் பெயர்பெற்றவை பல. தண்ணிமுறிப்பு என்பதில் 'முறிப்பு' உடைப்பெடுத்த குளக்கட்டைக் குறிக்கும். ஒட்டுசுட்டானில், குரக்கன் ஒட்டைச் சுட்டபோது சிவலிங்கம் வெளிப்பட்டது என்பது ஐதிகம். தான்தோன்றீஸ்வரர் கோயிலின் கதைக்குள் காட்டுச் சேனைப்பயிரின் வரலாறும் பொதிந்துள்ளது.

மாரி மழையைத் தேக்கினாலன்றி இம்மண்ணில் நெல் விளைச்சல் உறுதியாகாது. கட்டு உடைந்தால் வயல் காயும். வயல் காய்ந்தால் குடி பெயரும். பின்னர் காடு வந்து மூடும். போரும் நோயும் இதனை விரைவுபடுத்தின. 1803 ஒக்டோபர் 31இல் பண்டாரவன்னியன் தோற்கடிக்கப்பட்டதைக் குறித்துக் கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் கல் நாட்டினர். வென்றவர் நாட்டிய கல்லே தோற்றவனின் பெயரையும் காத்தது. 1895இல் வெளிவந்த ஜே. பி. லூயிஸின் வன்னிக் கைந்நூல், மக்கள்தொகை குன்றிய நாடொன்றைக் காட்டுகிறது.

மீட்சியும் குளத்தின் வழியே வந்தது. கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளம் கட்டும் பணி 1902இல் தொடங்கியது. 1936இல் கிளிநொச்சிக் குடியேற்றம் உருவாயிற்று.

2009இல் போர் முடிந்தபின் மீண்டுவந்தோர் பலர், தம் வயல்கள் காடாகி வன எல்லைக்குள் அடங்கியிருக்கக் கண்டனர். காட்டை அழிக்கவேண்டும் என்று நான் கூறவில்லை. காடின்றேல் குளத்துக்கு நீர்வரத்தில்லை. ஆயின், எது வனம், எது கைவிட நேர்ந்த ஊர் என்று பகுத்தறிதல் வேண்டும். உறுதிப்பத்திரம் தொலைந்தவரிடம் எஞ்சியிருப்பவை குளத்தின் பெயரும் வயலின் பெயருமே.

ஆதலால், ஊர்ப்பெயர் பற்றிக் கற்பிக்கும்போதெல்லாம் என் மாணவரிடம் நான் வேண்டுவது ஒன்றே: உங்கள் அம்மம்மாவிடமும் அப்பப்பாவிடமும் குளங்களின் பெயர்களைக் கேட்டு எழுதிவையுங்கள். அம்முதியோர் மறைந்தபின் அவற்றைக் கேட்டறிய நமக்கு வேறெவருமில்லை.