மிச்சம் பிடித்த காலம் யாருக்கு?



பொருளைச் சிக்கனமாகச் செலவிடல் பற்றி நம் முன்னோர் நிரம்பக் கூறியுள்ளனர். காலத்தைச் சிக்கனமாகச் செலவிடலும் அத்தகையதே. ஆயினும், அடுக்களையிற் கழியும் காலத்தை அளந்து பார்க்க முற்பட்டோர் சிலரே. அவருள் மூன்று பெண்மணிகளைப் பற்றியும், அவர்தம் முயற்சியால் மிஞ்சிய காலம் யாரைச் சென்றடைந்தது என்பது பற்றியும் இன்று சிந்திப்போம்.

முதலாமவர் ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த கதரின் பீச்சர். இல்லப் பொருளியல் பற்றி 1841 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலில், ஒழுங்கும் முறைமையும் பற்றித் தனி அத்தியாயமே உண்டு. வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் உரிய வேலையை வகுத்துக்கொள்ளல், ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம் அமைத்தல் என்பன அவர் புகட்டிய பழக்கங்கள். 1869 இல் தம் சகோதரியுடன் சேர்ந்து எழுதிய நூலில் அவர் நீராவிக் கப்பலின் சமையலறையை எடுத்துக்காட்டினார். அங்கே 200 பேருக்குச் சமைப்பவன் ஓரிரு அடி வைத்தாலே வேண்டியவற்றை எட்டி எடுக்கின்றான். அவ்வாறாயின் வீட்டிலே பெண் நாள் முழுவதும் நடந்து களைப்பது ஏன்? இதுவே அவர் எழுப்பிய சிந்தனை.

இரண்டாமவர் கிறிஸ்ரீன் பிரெடரிக். அவர் காலத்திலே, தொழிலாளரின் அசைவுகளை எண்ணிக் குறைக்கும் ஆராய்ச்சி அமெரிக்காவிற் பரவியிருந்தது. செங்கல் ஒன்றை வைப்பதற்கு மேசன் செய்யும் 18 அசைவுகளை ஏறத்தாழ 5 ஆகக் குறைக்கலாம் எனப் பிராங் கில்பிரெத் காட்டியிருந்தார். இம்முறை அடுக்களைக்கும் பொருந்துமன்றோ எனப் பிரெடரிக் எண்ணினார். ஆராய்ந்தபோது, பாத்திரம் கழுவுதலில் மட்டும் 80 பிழையான அசைவுகளைத் தாம் பல்லாண்டுகளாகச் செய்து வந்ததை உணர்ந்தார். கழுவுதொட்டியைத் தக்க உயரத்தில் வைத்தல், கழுவுமுன் பாத்திரங்களை வகைப்படுத்தி ஒரு பக்கம் அடுக்குதல், சமைக்கும் ஒழுங்கிலேயே சாமான்களை வரிசைப்படுத்தல் ஆகியவற்றை 1912 ஆம் ஆண்டு முதல் சஞ்சிகைக் கட்டுரைகள் வாயிலாக எடுத்துரைத்தார்.

மூன்றாமவர் வியன்னாவிற் பிறந்த கட்டடக் கலைஞர் மார்கரெற்றே ஷூற்றே-லிஹொற்ஸ்கி. பிரெடரிக்கின் நூலைக் கற்ற இவர், புகையிரத உணவு வண்டியின் சமையலறையையும் முன்மாதிரியாகக் கொண்டார். 1926 இல் ஜேர்மனியின் பிராங்போட் நகரக் குடிமனைகளுக்கென, ஏறத்தாழ 1.9 மீற்றர் அகலமும் 3.4 மீற்றர் நீளமும் உடைய அடுக்களையை வகுத்தார். அரிசிக்கும் மாவுக்கும் தனித்தனி இழுப்பறைகள். கழுவிய கோப்பைகளைத் துடைக்காமலே நீர் வடிய வைக்கும் தட்டு. இருந்து வேலை செய்ய ஓர் இருக்கை. இத்தகைய அடுக்களைகள் ஏறத்தாழ 10,000 வீடுகளில் அமைந்தன. ஆனால் அங்கே ஒருவர் வேலை செய்யவே இடமிருந்தது. உதவிக்கு வருபவர் நிற்க இடமில்லை என்ற குறை பின்னர் எழுந்தது.

அக்குறை சிறிதன்று. 1974 இல் ஜோன் வானெக் என்னும் ஆய்வாளர் அமெரிக்கக் குடும்பங்களின் காலக் கணக்கை ஒப்பிட்டார். வெளியே தொழில் புரியாத இல்லத்தரசியர் 1924 இல் வாரத்திற்கு ஏறத்தாழ 52 மணி நேரம் வீட்டுவேலை செய்தனர். 1960களிலோ அது 55 மணி நேரமாயிற்று! இடையிலே சலவை இயந்திரமும் குளிர்சாதனப் பெட்டியும் வந்துவிட்டன. 1983 இல் வரலாற்றாசிரியர் ரூத் சுவார்ட்ஸ் கோவன் இதற்குக் காரணம் கூறினார். விறகு பிளந்த ஆடவரையும் நீர் சுமந்த சிறுவரையும் புதிய வசதிகள் விடுவித்தன. தாயின் வேலையோ எஞ்சி நின்றது. தூய்மை பற்றிய எதிர்பார்ப்பும் உயர்ந்தது. உடைகளை அடிக்கடி துவைக்க முடிந்தபோது, அடிக்கடி துவைத்தலே கடமையாயிற்று.

இதனை வாசித்தபோது என் அன்னையாரை நினைத்தேன். மறுநாட் காலைக்கு வேண்டிய சட்டி பானைகளையும் தீப்பெட்டியையும் இரவே அடுப்பருகில் எடுத்து வைத்துவிட்டே அவர் உறங்கச் செல்வார். பீச்சரின் பெயரை அவர் அறியார். கிணற்று நீர் அள்ளுதல் என் வேலை. தேங்காய் துருவுதல் தந்தையாரின் வேலை. அதனாலேயே இரவில் விளக்கருகே அமர்ந்து எங்கள் வாசிப்பைக் கேட்க அன்னையாருக்கு நேரம் வாய்த்தது.

இன்று என் பாடசாலையின் மனையியல் வகுப்பில் மாணவிகளே நிறைந்திருக்கின்றனர். மாணவருக்கு நான் கூறுவது ஒரு சிறு கணக்கே. ஐவர் உண்ணும் வீட்டில் ஒரு கோப்பையைக் கழுவ ஒரு நிமிடம் எனக் கொள்வோம். மூன்று வேளைக்கும் 15 நிமிடம். ஆண்டுக்கு 91 மணி நேரம். ஒவ்வொருவரும் தாம் உண்ட கோப்பையைக் கழுவி வைப்பின், தாய்க்கு அதில் 73 மணி நேரம் மிஞ்சும். அந்த நேரத்தை எங்ஙனம் கழிப்பது என்பதை அவரே தீர்மானிக்கட்டும்.