ஃபேரி தொடர்வரிசை

எண் கோட்பாட்டில் ஃபேரி தொடர்வரிசை என்பது, 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட சுருக்கிய பின்னங்களுள் பகுதி ஒரு குறிப்பிட்ட எண்ணை மிகாதவற்றை ஏறுவரிசையில் எழுதுவதால் கிடைக்கும் தொடர்வரிசையாகும். அந்த எண் அதன் வரிசை எனப்படும். எடுத்துக்காட்டாக, 5-ஆம் வரிசைத் தொடர்:

0/1, 1/5, 1/4, 1/3, 2/5, 1/2, 3/5, 2/3, 3/4, 4/5, 1/1

2/4 என்பது 1/2 ஆகவே சுருங்கிவிடுவதால் தனியே இடம்பெறாது. பழந்தமிழ்க் கணக்கின் மாகாணி (1/16), அரைக்கால், கால், அரை, முக்கால் யாவும் 16-ஆம் வரிசைத் தொடரில் உள்ளன. முந்திரி (1/320) இடம்பெற 320-ஆம் வரிசை வரை செல்லவேண்டும். அங்கே சுழியத்துக்கு அடுத்த உறுப்பே முந்திரிதான்.

== அண்டைப் பின்னங்கள் ==

அ/ஆ, இ/ஈ என்பன ஒரு தொடரில் அடுத்தடுத்த உறுப்புகள் எனில், ஆ×இ − அ×ஈ = 1. மேலே 1/3, 2/5 ஆகியவற்றை எடுத்துக்கொண்டால் 3×2 − 1×5 = 1.

இவற்றின் தொகுதிகளையும் பகுதிகளையும் தனித்தனியே கூட்டிக் கிடைக்கும் (அ+இ)/(ஆ+ஈ) இடைப்பின்னம் எனப்படும். பின்னங்களைக் கூட்டத் தெரியாத மாணவன் செய்யும் பிழையும் இதுவே. ஆனால் இங்கு அது பிழையன்று. 1/3-க்கும் 2/5-க்கும் இடையில் வரும் பின்னங்களுள் மிகச்சிறிய பகுதி கொண்டது 3/8. எனவே 7-ஆம் வரிசை வரை அவ்விடைவெளியில் புதிய பின்னம் எதுவும் நுழையாது, 8-ஆம் வரிசையில் 3/8 நுழையும்.

ந-ஆம் வரிசைத் தொடரின் உறுப்புகளின் எண்ணிக்கை, 1 முதல் ந வரையுள்ள எண்களின் ஆய்லர் சார்பு மதிப்புகளைக் கூட்டி ஒன்றைச் சேர்த்ததாகும். இது ஏறத்தாழ 3ந²/π². 100-ஆம் வரிசையில் சரியாக 3045 உறுப்புகள் உள்ளன. தோராய வாய்பாடு ஏறக்குறைய 3040 எனத் தருகிறது.

== பெயர் வந்த விதம் ==

ஜான் ஃபேரி (1766–1826) ஆங்கிலேய நிலவியலாளர். ஹென்றி குட்வின் என்பவரின் தசம அட்டவணைகளைப் பார்த்தபோது இடைப்பின்னப் பண்பைக் கவனித்து, 1816-இல் ஓர் அறிவியல் இதழுக்கு மடல் எழுதினார். நிறுவல் தரவில்லை. அதே ஆண்டில் பிரெஞ்சுக் கணிதவியலாளர் கோஷி நிறுவலை அளித்து ஃபேரியின் பெயரையும் சூட்டினார். 1802-இலேயே ஹாரோஸ் என்ற பிரெஞ்சுக்காரர் இதைக் கண்டு நிறுவியிருந்தார். பெயர் மட்டும் ஃபேரிக்கே நிலைத்துவிட்டது.

== இராமானுசனின் பிரிவினைக் கணக்கில் ==

இத்தொடர்வரிசையின் மிகச்சிறந்த பயன்பாடுகளுள் ஒன்று, கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுசன் (1887–1920) கேம்பிரிட்ஜில் ஹார்டியுடன் சேர்ந்து எழுதி 1918-இல் வெளியான கட்டுரையாகும். ஓர் எண்ணை எத்தனை வகையில் நேர் முழு எண்களின் கூட்டலாக எழுதலாம் என்பதே கேள்வி. 4-ஐ ஐந்து வகையில் எழுதலாம்: 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. எண் பெரிதாகும்போது விடை மிக விரைவில் பெருகும்.

இதன் பிறப்பாக்கிச் சார்பு, ஓரலகு வட்டத்தின் பரிதியில் 1-இன் மூலங்களாக அமையும் ஒவ்வொரு புள்ளியிலும் முறையிழக்கிறது. ஒவ்வொரு மூலத்துக்கும் ஒரு சுருக்கிய பின்னம் உரியது. ஆகவே அவர்கள் வட்டத்தை ஃபேரி தொடரைக் கொண்டு வில்களாகப் பிரித்தனர்: ஒவ்வொரு பின்னத்துக்கும் அதன் இருபுற இடைப்பின்னங்களுக்கு இடைப்பட்ட வில் உரியது. பகுதி சிறியதாயின் அவ்வில்லின் பங்கு பெரிது.

200-இன் பிரிவினைகளுக்கு முதல் உறுப்பு மட்டும் 3972998993185.896 எனத் தருகிறது. 1/2-இன் பங்கு 36282.978-ஐக் கூட்டுகிறது, அடுத்து, பகுதி 3 உடையவை 87.555-ஐக் குறைக்கின்றன. எட்டாம் பகுதி வரை கூட்டினால் 3972999029388.004. மக்மான் கைக்கணக்காகத் தனியே கண்ட சரியான விடை 3972999029388. முழு எண்ணான விடையை π-யும் வர்க்கமூலங்களும் நிறைந்த வாய்பாடு இவ்வளவு நெருங்குவது இன்றும் வியப்பளிக்கிறது. எனினும் அவர்களின் முடிவிலித் தொடர் குவியாதது. குவியும் வடிவத்தை 1937-இல் ராடமாக்கர் கண்டார். இம்முறை வட்ட முறை என்ற பெயரில் எண் கோட்பாட்டின் வேறு பல சிக்கல்களுக்கும் பயன்பட்டது.

== ரீமான் கருதுகோளுடன் தொடர்பு ==

ஃபேரி பின்னங்கள் சம இடைவெளியில் அமைவதில்லை. அவை சம இடைவெளிப் புள்ளிகளிலிருந்து விலகும் அளவுகளின் கூட்டுத்தொகை, வரிசை எண்ணின் வர்க்கமூலத்தைவிடக் குறிப்பிடத்தக்க வேகத்தில் வளராது என்னும் கூற்று, ரீமான் கருதுகோளுக்குச் சமானமானது என்பதை ஃபிரானெலும் லாண்டாவும் 1924-இல் காட்டினர். அக்கருதுகோள் இன்னும் நிறுவப்படவில்லை.