நாடு: ஊர்த்தொகுதி முதல் மாநிலம் வரை

தஞ்சை மாவட்டத்தில் ஒரத்தநாடு இருக்கிறது. சற்றுத் தள்ளிப் பாப்பாநாடு. இன்று இரண்டும் ஊர்ப்பெயர்கள். ஆனால் 'நாடு' தனி ஊரைக் குறித்த சொல்லன்று.

பழந்தமிழில் நாடு என்றால் மக்கள் குடியேறிப் பயிரிட்ட நிலம். அதற்கு எதிர் காடு. புறநானூற்றில் ஔவையார் இவ்விரண்டையும் எதிரெதிரே வைத்துப் பாடுகிறார். சோழநாடு, பாண்டியநாடு என்ற பெருவழக்கு ஒருபுறம் இருக்க, சோழர் கல்வெட்டுகளில் இச்சொல்லுக்குக் குறுகிய ஒரு பொருளும் உண்டு: வேளாண்மையால் பிணைந்த ஊர்களின் தொகுதி. சில இடங்களில் அதுவே கூற்றம். அவ்வூர்களின் நிலக்கிழார்கள் கூடும் அவைக்கும் நாடு என்றே பெயர், அவையோர் நாட்டார்.

கிரேக்கரின் 'போலிஸ்' என்ற சொல்லும் இப்படித்தான். முதலில் அரண் சூழ்ந்த மேட்டைக் குறித்தது, பிறகு நகரையும் சுற்றியிருந்த வயல்களையும் குடிமக்களையும் சேர்த்துக் குறித்தது. கி.மு. 8ஆம் நூற்றாண்டு வாக்கில் மலைகள் பிரித்த பள்ளத்தாக்குகளில் ஊர்கள் ஒன்றுகூடி, தமக்கெனச் சட்டமும் படையும் கொண்ட நகர அரசுகளாயின. காவிரிப் படுகையில் பிரிக்க மலை இல்லை. மேல்மடைக்காரர் விட்டால்தான் கீழ்மடைக்குத் தண்ணீர். நாடுகள் தம் காரியங்களைத் தாமே பார்த்துக்கொண்டும் தனியரசாகாமல் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

நாட்டாரின் பணியை ஆனைமங்கலச் செப்பேடு காட்டுகிறது. நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலத்தை அளித்தபோது ஆணை நாட்டாருக்கே போனது. பெண்யானையை எல்லை சுற்றி நடத்தி, கல்லும் கள்ளியும் நட்டு, ஓலை எழுதிக் கொடுத்தவர்கள் அவர்களே.

அதே இராசராசன்தான் கி.பி. 1000ஐ ஒட்டி நாடுகளுக்கு மேல் 'வளநாடு' என்ற பிரிவை வகுத்தான். நித்தவினோத வளநாடு, கேரளாந்தக வளநாடு என அவன் விருதுகளே பெயர்களாயின. உய்யக்கொண்டார் வளநாடு அரிசிலாற்றுக்கும் காவிரிக்கும் நடுவே அமைந்தது. இங்கேதான் வேறுபாடு தெரிகிறது. சோழநாட்டு நிலப்பிரிவுகளை ஆராய்ந்த எ. சுப்பராயலு காட்டியபடி, வளநாட்டுக்கு ஆறுகள் எல்லை. நாடுகளோ பல இடங்களில் ஆற்றின் இருகரையிலும் பரந்திருந்தன. வளநாடு அரசன் கோடு கிழித்தது, நாடு உழுதவர் குடியேறி வளர்ந்தது.

பின்னர் நாட்டார் பலர் சேர்ந்து, மேழியைச் சின்னமாகக் கொண்ட சித்திரமேழிப் பெரியநாட்டாராக வளர்ந்தனர். நாட்டாமை என்ற சொல் இன்றும் அந்த அவையின் எச்சமாகப் புழங்குகிறது.

வளநாட்டுப் பெயர்கள் காலப்போக்கில் மறைந்தன. நாடு என்ற சொல் நிலைத்தது. 1967 ஜூலை 18இல் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 1969 ஜனவரி 14 முதல் மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு.