நுங்கம்பாக்கம் முதல் ஹான்லே வரை

மணப்பாட்டுத் திருச்சிலுவைத் திருவிழா நடக்கும் செப்டம்பர் மாதத்தில், விடிவதற்கு முன் மணல்மேட்டுக் கோயிலடியில் நின்று தெற்கே பார்த்தால், கடலுக்குச் சற்று மேலே ரெட்டிகுலம் என்ற சிறு விண்மீன் குழு தெரியும். சென்னையில் அது இன்னும் நாலைந்து பாகை தாழ்ந்து நிற்கும். அந்தத் தாழ்ந்த வானத்தில்தான் 1867இல் சிந்தாமணி ரகுநாதாச்சாரி ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். அதன் பெயர் ஆர் ரெட்டிகுலி.

அவர் வேலை பார்த்தது சென்னை வானாய்வகத்தில். வில்லியம் பெட்ரி 1786இல் சொந்தமாகத் தொடங்கியதைக் கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்று, 1792இல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுப்பியது. கப்பலோட்டத் தீர்க்கரேகை வேண்டும், நிலம் அளக்க வேண்டும். கம்பெனியின் தேவை அவ்வளவுதான். கட்டடத்தை எழுப்பிய மைக்கேல் டாப்பிங்கும் கடற்கரை அளந்தவரே. கருவி நின்ற கருங்கல் தூண் இன்னும் அங்கே இருக்கிறது. அதில் தமிழிலும் எழுத்து உண்டு.

ரகுநாதாச்சாரி திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டவர். 1872இல் லண்டன் ராயல் வானியல் கழக உறுப்பினரானார். நம் பாடநூல்கள் அவருக்கு இரண்டு வரிகூடத் தருவதில்லை என்பது என் வருத்தம்.

அவர் கண்ட மீன் ‘மிரா’ வகை. ஏறத்தாழ ஒன்பது மாதத்துக்கு ஒருமுறை பொலிந்து மங்கும். இவ்வகை மீன்களில் துடிப்பின் காலத்தை அளந்தால் உண்மையான பிரகாசம் தெரிந்துவிடும். பிறகென்ன, கலங்கரை விளக்கின் வலு தெரிந்தவன் அது மங்கித் தெரிவதை வைத்துக் கரை எவ்வளவு தூரம் என்று சொல்வதைப்போல, தொலைவைக் கணக்கிடலாம்.

1899இல் சென்னை வானாய்வகத்தின் பணி கொடைக்கானலுக்குப் போனது. அந்த வழியிலேயே 1971இல் இந்திய வானியற்பியல் நிறுவனம் உருவாயிற்று. 1986இல் காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி வந்தது. பின்னர் லடாக்கின் ஹான்லேயில் 2 மீட்டர் தொலைநோக்கி. அதற்குச் சந்திரசேகர் பெயர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த அவர், 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே எரிந்தடங்கிய விண்மீனான வெள்ளைக் குள்ளனின் எடைக்கு எல்லை உண்டு என்று கணக்கிட்டார். சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. அந்த எல்லையை நெருங்கி வெடிப்பவையாகக் கருதப்படும் ‘1ஏ’ வகை மீவெடிப்புகள் கிட்டத்தட்ட ஒரே உச்ச ஒளி காட்டுவதால், மிகத் தொலைவிலுள்ள கேலக்ஸிகளையும் அளக்க முடிகிறது. ஹான்லேயிலும் இவற்றைத் தொடர்ந்து பார்க்கிறார்கள்.

ரகுநாதாச்சாரியின் மிராவும் சந்திரசேகரின் எல்லையும் சேர்ந்தே பயன்பட்ட இடம் ஒன்று உண்டு. என்ஜிசி 1559 என்ற கேலக்ஸியில் 2005இல் 1ஏ மீவெடிப்பு ஒன்று தோன்றியது. அதே கேலக்ஸியின் மிரா மீன்களை ஹபிள் தொலைநோக்கியால் பின்தொடர்ந்த குழு, அதன் தொலைவை அளந்து, அதைக் கொண்டு அந்த வெடிப்பின் உண்மை ஒளியையும் கணக்கிட்டது. அந்தக் கேலக்ஸி இருப்பதும் ரெட்டிகுலத்தில்தான். தற்செயல், ஆனால் இனிய தற்செயல்.

அந்த ஒளியை அளவுகோலாகக் கொண்டு தொலைதூர 1ஏ மீவெடிப்புகளை அளந்தால், அண்டம் எவ்வளவு வேகமாக விரிகிறது என்பது தெரியும். 2020இல் வெளியான விடை: ஒரு மெகாபார்செக் தொலைவுக்கு, அதாவது சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டுக்கு, நொடிக்கு 73.3 கிலோமீட்டர் வேகத்தில் அண்டம் விரிகிறது. ஆதி ஒளியை ஆராய்ந்த பிளாங்க் விண்கலக் கணக்கோ 67.4 என்கிறது. மிரா கணக்கில் 4 கூடவோ குறையவோ இருக்கலாம் என்பதால், அதை மட்டும் வைத்து இந்த வழக்கைத் தீர்க்க முடியாது. பிழை குறைய, இன்னும் பல கேலக்ஸிகளில் மிரா மீன்களை மாதக்கணக்கில் பின்தொடர வேண்டும்.