வயலிலும் வாடியிலும் யூரியா

ஈச்சிலம்பற்றில் வயலும் கடலும் அருகருகே கிடக்கின்றன. பெரும்போகத்தில் யூரியா எறிபவரும், வாடியில் சுறாவைக் கருவாட்டுக்குக் கீறுபவரும் அயலவர்கள். இருவர் கையிலும் இருப்பது ஒரே மூலக்கூறு. உயிர் இரசாயனவியலுக்கு அயல் துறைகளோடுள்ள உறவை அறிய, வரைவிலக்கணத்தைவிட இந்த மூலக்கூறின் வழியே போவது நல்லது.

1828 இல் வூலர் என்ற இரசாயனவியலாளர், அமோனியம் சயனேற்றிலிருந்து யூரியாவை ஆய்வுகூடத்தில் ஆக்கினார். உயிர்ப்பொருளை உயிரே ஆக்கும் என்ற நம்பிக்கை அத்தோடு ஆட்டங்கண்டது. ஆனால் உடல் அதை எப்படி ஆக்குகிறது? விடைக்கு நூறாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. 1932 இல் கிரெப்ஸ், ஹென்செலைற் என்ற இரு ஆய்வாளர்கள் ஈரல் துண்டுகளில் சோதித்து, ஓர்னிதீன் என்ற அமினோ அமிலத்தில் தொடங்கி ஓர்னிதீனிலேயே முடியும் வட்டத்தைக் கண்டார்கள். உடற்றொழிலியலின் கேள்விக்கு இரசாயனத்தின் மொழியில் கிடைத்த விடை அது.

சுறாவும் திருக்கையும் யூரியாவைக் கழிக்காமல் இரத்தத்தில் தேக்கி வைக்கின்றன. உப்புக்கடல் உடல்நீரை உறிஞ்சாமல் காப்பது அதுவே. அவ்வளவு யூரியா புரதங்களின் வடிவைக் குலைக்கக்கூடியது. அந்தக் கேட்டை ஈடுசெய்ய மூமெதைல் அமீன் ஒட்சைட்டும் அவற்றின் உடலில் உண்டு. மீன் செத்ததும் பற்றீரியாவின் யூரியேஸ் நொதியம் வேலையைத் தொடங்கி, யூரியாவை அமோனியாவாக்குகிறது. வாடியில் மூக்கைத் துளைக்கும் வீச்சம் இதுதான். பிடித்த உடனேயே இரத்தம் வடித்துக் கழுவினால் அது குறையும்.

வயல் மண்ணிலும் அதே நொதியம். 1926 இல் சம்னர் என்ற உயிர் இரசாயனவியலாளர் அதை ஓர் அவரை விதையிலிருந்து பளிங்காக்கி, நொதியம் ஒரு புரதம் என்று காட்டினார். முதலில் பலர் நம்பவில்லை; 1946 இல் அவருக்கு நோபல் பரிசு வந்தது. இப்படி ஒரே நொதியம் இரு துறைக்கும் உரியதாக இருந்தும், உயர்தர வகுப்பில் உயிரியலுக்கு ஒரு கொப்பி, இரசாயனவியலுக்கு ஒரு கொப்பி என்று பிரித்தே படிக்கிறார்கள். நேரசூசிக்காகச் செய்த பிரிவு அது. மண்ணுக்கு அப்படியொரு பிரிவு தெரியாது.

யூரியாவின் நிறையில் 46 சதவீதம் நைதரசன். தேங்கிய நீரின் மேல் எறிந்தால் அதில் கணிசமான பங்கு அமோனியாவாகக் காற்றில் போய்விடும். நீரை வடித்து, சேற்றில் எறிந்து, பிறகு நீர் கட்டினால் இழப்பு குறைகிறது. யூரியேஸின் நடுவில் இரண்டு நிக்கல் அணுக்கள் இருக்கின்றன; அவற்றைப் பற்றிக்கொண்டு நொதியத்தைத் தாமதிக்கச் செய்யும் சேர்வைகள் பசளையோடு கலக்கப்படுகின்றன. அசேதன இரசாயனவியலின் பாடமான ஓர் அணு இப்போது கமக்காரனின் பசளைச் செலவையும் தொடுகிறது.