டிராகன் ஏஜ் 2: ஊரைக்கூடக் காப்பாற்ற முடியாத ஹீரோவின் கதை

ஃபேண்டஸி ரோல்-பிளேயிங் கேம்களில் ஹீரோவுக்குப் பெரும்பாலும் ஒரே வேலைதான்: உலகத்தைக் காப்பாற்றுவது. 2009 நவம்பரில் வந்த 'டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்' கேமும் அப்படித்தான். அடுத்த 16 மாதங்களில், 2011 மார்ச்சில், கனடாவின் பயோவேர் நிறுவனம் கொண்டுவந்த இரண்டாம் பாகம் வேறு ரூட் பிடித்தது. இதில் ஹீரோ ஓர் அகதி. கதை முழுக்க, பிழைக்க வந்த ஒரே ஊரைச் சுற்றித்தான்.

(ஸ்பாய்லர் உண்டு. இனிமேல்தான் விளையாடப் போறீங்கன்னா, இங்கேயே நிறுத்திக்கோங்க.)

யார் இந்த ஹாக்?

தேடாஸ் என்ற கற்பனைக் கண்டம். அதில் ஃபெரெல்டன் நாட்டுக்குள் டார்க்ஸ்பான் என்ற அரக்கர் படை நுழைகிறது. லோதரிங் கிராமம் அழிகிறது. அங்கிருந்து அம்மா, தம்பி, தங்கையுடன் ஓடுகிறார் ஹாக். தம்பியும் தங்கையும் இரட்டையர்கள். ஒருவர் வழியிலேயே இறந்துவிடுகிறார். அது யார் என்பது, ஹாக்கை நீங்கள் மந்திரவாதியாகத் தேர்ந்தெடுத்தீர்களா என்பதைப் பொறுத்தது.

கடல் தாண்டிச் சேருமிடம் கிர்க்வால், அம்மாவின் சொந்த ஊர். ஆனால் வாசலிலேயே அகதிகளைத் தடுக்கிறார்கள். உள்ளே போக, கூலிப்படைக்கோ கடத்தல் கும்பலுக்கோ ஒரு வருஷம் உழைத்துத் தர வேண்டும். அம்மா வீட்டு மாளிகை? அதைத் தாய்மாமா கேம்லன் எப்போதோ கடனில் தொலைத்துவிட்டார்.

கிர்க்வால் எப்படிப்பட்ட ஊர்?

ஒரு காலத்தில் டெவின்டர் பேரரசின் அடிமை வியாபார மையம். அதனால்தான் 'சங்கிலிகளின் நகரம்' என்ற பெயர். அடிமைகளை அடைத்து வைத்த கோட்டையில் இப்போது மந்திரவாதிகள் இருக்கிறார்கள். காவலுக்கு 'டெம்ப்ளர்' என்ற மதப்படை. மேட்டில் பணக்காரர்கள், கீழே ஏழைகள், அதற்கும் கீழே பழைய சுரங்கங்களில் போக்கிடம் இல்லாதவர்கள்.

கதை எங்கே போகிறது?

சுமார் 7 வருடக் கதை, 3 பாகங்கள். சொல்பவர் ஹாக்கின் நண்பர் வாரிக். கேட்பவர் அவரைப் பிடித்து விசாரிக்கும் கசாண்ட்ரா. வாரிக் கொஞ்சம் அளந்துவிடுகிற ஆள் என்பதால், எல்லாவற்றையும் அப்படியே நம்பவும் முடியாது.

முதல் பாகத்தில் ஹாக் பணம் சேர்க்கிறார். இரண்டாவதில் மாளிகை கைக்கு வருகிறது. ஊரில் தங்கியிருந்த குனாரி வீரர்கள் வெடித்தெழ, ஆட்சியாளர் கொல்லப்படுகிறார். அவர்களை எதிர்கொண்ட ஹாக்குக்கு 'சாம்பியன்' பட்டம். இதற்கிடையில் ஒரு மந்திரவாதி அம்மாவைக் கொன்றுவிடுகிறான். நீங்கள் என்ன தேர்ந்தெடுத்தாலும் அவரைக் காப்பாற்ற முடியாது.

மூன்றாவதில், டெம்ப்ளர் தலைவி மெரிடித்தின் பிடி இறுகுகிறது. ஹாக்கின் கூட்டாளி ஆண்டர்ஸ், மதபீடத்தையே தகர்க்கிறார். மந்திரவாதிகள் அத்தனை பேரையும் கொல்ல உத்தரவிடுகிறார் மெரிடித். யார் பக்கம் நிற்பது என்பது உங்கள் முடிவு. ஆனால் எந்தப் பக்கம் நின்றாலும் கடைசியில் இரு தரப்புத் தலைவர்களோடும் மோதத்தான் வேண்டும்.

ஏன் இன்னும் பேசப்படுகிறது?

அதே குகைகளைத் திரும்பத் திரும்பக் காட்டியதற்கு வாங்கிய திட்டு நியாயமானதுதான். 'என் முடிவுக்கு மதிப்பே இல்லையா?' என்ற கோபமும் புரிகிறது. ஆனால் இந்தக் கதையின் வலியே அங்கேதான் இருக்கிறது. பணம், வீடு, பட்டம் என ஓர் அகதிக்கு ஊர் எல்லாம் கொடுத்தது. அந்த ஊர் உடையும்போது, தடுக்கிற சக்தி மட்டும் அவரிடம் இல்லை.

கிர்க்வாலில் பற்றிய தீ மற்ற நாடுகளுக்கும் பரவுகிறது. 2014-ல் வந்த 'டிராகன் ஏஜ்: இன்குவிசிஷன்' தொடங்குவது அந்தப் போரின் நடுவில்தான்.